ஒரே பாறை, இரண்டு கோயில்: நார்த்தாமலை முதல் திருமயம் வரை ஒரு நாள்

(பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில்.)

 

பிப்ரவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பிலிருந்து ஒருநாள் பயணம் போவதென்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவானது. நார்த்தாமலை, சித்தன்னவாசல், அரிமளம், திருமயம் ஆகிய நான்கு இடங்கள். "உங்கள் சொந்த ஊர் அரிமளம்தானே, நீங்களே வழிகாட்டியாக வந்துவிடுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நானும் ஒப்புக்கொண்டேன்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய கல்வெட்டு எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றி ஆர்வம் கொள்வதற்கு அது தடையில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929ஆம் ஆண்டிலேயே தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகங்களைப் புத்தகமாக அச்சிட்டுவிட்டது. அவற்றையும் அவற்றைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றையும் ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. இவற்றில் பெரும்பாலானவை போர்ப் பெருமை பேசுபவை அல்ல. யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், யார் பழுது பார்த்தார், யாருக்கும் யாருக்கும் தகராறு, அது எப்படித் தீர்ந்தது, சாட்சி யார் என்பவைதான் அதிகம். சுருக்கமாகச் சொன்னால், நம் சங்கத்தின் தீர்மானப் புத்தகம் மாதிரி. நம்முடையது காகிதம், அவர்களுடையது கல்.

அதனால்தான் இந்தப் பயணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசலாம் என்று நினைத்தேன். தெரியாமல் போய் நின்றால் வெயிலும் பாறையும்தான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அங்கே இருப்பவை நமக்கு நன்றாகப் பழக்கமான விஷயங்கள் என்பது புரியும்.

முதலில் நார்த்தாமலை. காலை 6 மணிக்கு நாம் திருச்சியிலிருந்து கிளம்பினால், கீரனூர் தாண்டி, வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே இருக்கலாம். ஒரு மலை என்று நினைக்காதீர்கள், சிறு குன்றுகளின் கூட்டம். நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். இங்கே நகரத்தார் என்றால் நகரம் என்ற வணிகர் சபையைச் சேர்ந்தவர்கள். சோழர் காலத்தில் இது தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயரில் வணிக ஊராக இருந்தது. நாடு விட்டு நாடு போய் வியாபாரம் செய்த திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுக்கும் இந்தப் பகுதியோடு தொடர்பு உண்டு. இன்று அமைதியான கிராமமாகத் தெரிகிற இடம், ஒரு காலத்தில் கொடுக்கல் வாங்கல் நடந்த இடம்.

அங்கே மேலமலை என்ற குன்றின்மேல் நாம் ஏறப் போகிறோம். ஏற்றம் செங்குத்து இல்லை, சரிவான பாறை. மேலே போனதும் தனியாக ஒரு கற்கோயில் நிற்கும். விஜயாலய சோழீச்சரம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மேற்கு நோக்கியது. வெளியே பார்த்தால் சதுரம், உள்ளே கருவறை வட்டம். அதைச் சுற்றிச் சிறு சிறு கோயில்கள். கட்டடக்கலை தெரிந்தவர்கள் இதைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்து வருகிறார்கள். நாம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு பார்த்ததில்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது அங்கிருக்கும் ஒரு கல்வெட்டைப் பற்றி. பெயர் விஜயாலயனுடையதாக இருந்தாலும், கோயிலைக் கட்டியவன் முத்தரையர் குலத்தைச் சேர்ந்த சாத்தன் பூதி என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பிறகு மழையால் அது இடிந்துபோனது. மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். இரண்டு பெயர்களும் ஒரே கல்வெட்டில் இருக்கின்றன. கட்டியவன் பெயருக்குப் பக்கத்திலேயே பழுது பார்த்தவன் பெயர்.

நம் குடியிருப்பின் நுழைவாயிலில் கட்டியவரின் பெயர் பித்தளை எழுத்தில் இருக்கிறது. மொட்டை மாடி ஒழுகியபோது வாரக்கணக்கில் நின்று வேலை வாங்கிய நம் உறுப்பினர்களின் பெயர் எங்கே இருக்கிறது? ஒரு பழைய செலவுச் சீட்டில் இருக்கலாம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் பராமரிப்பும் ஒரு பெரிய காரியமாகத் தெரிந்திருக்கிறது.

அதே குன்றில் பாறையைக் குடைந்து செய்த இரண்டு குகைக்கோயில்கள் உண்டு. ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாகப் பாறையில் புடைப்பாக நிற்கின்றன. சமணர் குடகு என்று ஊரார் சொல்லும் இடம் அதுதான். மற்றொன்று பழியிலி ஈச்சரம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்பவன் குடைவித்தது. அவன் மகள் சிறியநங்கை முன்மண்டபமும் நந்தியும் செய்வித்தாள். அப்பா தொடங்கியதை மகள் தொடர்ந்திருக்கிறாள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

சோழர் காலத்து விளக்குத் தர்மத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிய வேண்டும். அதற்கு ஒருவர் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார். ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பேற்று, தினம் ஓர் அளவு நெய் கொண்டுவந்து தர வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டிகளைக் கொண்டு சரிக்கட்ட வேண்டும். இதற்குக் கல்வெட்டுகளில் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கிற நிரந்தர வைப்பு இதுதானே. கார்ப்பஸ் ஃபண்டு என்று நாம் மாதாமாதம் விவாதிக்கிறோமே, அதை அவர்கள் ஆட்டுமந்தையாக வைத்திருந்தார்கள். நெய் மட்டும் வீட்டுக்கு வரலாம், ஆடு வெட்டுக்குப் போகக் கூடாது.

அடுத்து சித்தன்னவாசல். அன்னவாசல் பக்கம். பத்து மணிக்கு அங்கே இருப்போம். பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்த பெயர். சமணர்களின் அறிவர் கோயில், அதன் கூரையில் வண்ண ஓவியம். தாமரைக் குளம். மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். நிறம் மங்கிவிட்டது. கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். முதலில் கறையாகத் தெரிவது மெல்ல மெல்ல இலையாகும், மீனாகும். அவசரப்பட்டுக் கைப்பேசியை நீட்டினால் ஒன்றும் தெரியாது.

இங்கேயும் அதே கதைதான். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தான் என்று பாறையிலே செய்யுளாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் போய்ப் பார்க்கும் கோயிலில் ஒரு பராமரிப்புக்காரனின் கை இருக்கிறது.

குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் 17 அங்கே உண்டு. அவற்றில் ஒன்றில் உள்ள தமிழ் பிராமி எழுத்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. பாறையில் வெட்டிய ஏழு அடிவைப்புகளைத் தாண்டிப் போவதால் அந்தப் பெயர். இன்று பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே பூங்கா இருக்கிறது, நிழலில் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த இடங்களில் சிலர் சாவியாலும் ஆணியாலும் தங்கள் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். சாத்தன் பூதி பெயர் பொறித்தான் என்றால் ஒரு கோயிலைக் கட்டிவிட்டுப் பொறித்தான். நாம் ஒன்றும் கட்டவில்லை. ஓவியத்தைத் தொடுவதும் வேண்டாம். கையின் வியர்வையும் எண்ணெயும் போதும், வண்ணத்தைக் கெடுக்க.

மதியச் சாப்பாடு அரிமளத்தில். என் ஊர் என்பதால் சேர்த்துவிட்டேன் என்று சிலர் கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும். வேறு காரணமும் உண்டு.

அரிமளம் திருமயம் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. நகரத்தார் ஊர்களில் ஒன்று. மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளைக்கு ஞானகுருவாக இருந்த கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானம் அங்கே இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் அங்கே கால் மணி நேரம் அமைதியாக உட்காரலாம்.

சாப்பிட்ட பிறகு தெருக்களில் ஒரு நடை. ஒரு தெருவில் வாசல், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகளைப் பார்ப்பீர்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய பளபளக்கும் சுவர்கள், முற்றத்தில் விழும் மழைநீரைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு, ஊருக்குப் பொதுவாக ஊருணி. பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த பணம் இப்படி வீடுகளாக நின்றது. கொடுக்கல் வாங்கலில் அவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு வங்கித் துறையிலேயே சாட்சி உண்டு. 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கிளை திறந்தார்.

என் தகப்பனார் அப்படி ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளை. குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்ற வார்த்தைகளெல்லாம் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே எனக்குப் பழக்கம். ஐந்தொகை நேராகும் வரை அவர் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். ஒரு தம்பிடி இடித்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்களின் வீடுகளில் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில இடிந்து கிடக்கின்றன. செட்டிநாட்டு ஊர் எதற்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பணம் இல்லாமல் அல்ல. ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி, நாற்பது பங்காளி. ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும் என்றால் யார் எவ்வளவு போடுவது? "நான் வருஷத்துக்கு ஒரு நாள்கூட வருவதில்லை, நான் ஏன் போட வேண்டும்" என்று ஒருவர். "அவர் போடட்டும், நானும் போடுகிறேன்" என்று இன்னொருவர். இதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். ஓடு உடைந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, உத்தரம் உளுத்து, ஒருநாள் ஒரு கட்டு சரியும். பிறகு தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகும். ஒற்றுமையாகக் கூடிப் பராமரிக்கிற வீடுகளும் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் எல்லோரும் வந்து சேர்கிறார்கள், அந்த வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டு வகை வீடும் ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அரிமளத்தைச் சேர்த்தேன்.

மூன்றரை மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் திருமயம் அரை மணிக்குள். பகலில் நடை சாத்தும் கோயில்கள் அப்போது திறந்திருக்கும்.

கோட்டையை முதலில் பார்த்துவிடுவோம், வெளிச்சம் இருக்கும்போதே. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி, கிழவன் சேதுபதி என்று மக்கள் சொல்லும் மன்னர், கட்டியது. புதுக்கோட்டையில் தொண்டைமான் அரசு தலையெடுத்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். தொண்டைமானின் சகோதரி காதலி நாச்சியார் கிழவன் சேதுபதியின் மனைவி. பின்னாளில் கோட்டை தொண்டைமான்கள் கைக்கு வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில் இருந்ததாம். இன்று சில மட்டும் நிற்கின்றன.

மலைமேல் கோட்டை கட்டுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம்தான். உயரம் இருந்தால் எதிரி வருவது தெரியும், ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும். ராஜஸ்தானத்தின் ஆறு மலைக்கோட்டைகள் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நம் செஞ்சிக்கோட்டையும் மராட்டியர் கோட்டைகள் வரிசையில் ஒன்றாக 2025 ஜூலையில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. திருமயம் அவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் ஒரு கோட்டைக்கு என்னென்ன வேண்டும் என்பதை அரை மணி நேரத்தில் காட்டிவிடும். தண்ணீருக்குப் பாறைச் சுனை. வெடிமருந்துக்குக் கிடங்கு. கல் மதிலுக்கு மேலே செங்கல் கைப்பிடிச் சுவர், அதில் துப்பாக்கி நீட்டத் துளைகள். உச்சியில் மேடைமேல் ஒரு பீரங்கி. பாதி வழியில் பாறைக்குள் குடைந்த ஒரு சிவலிங்கக் குகை, இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். அதைப் பெரியவர்கள் கீழிருந்து கும்பிட்டால் போதும்.

ஊமையன் கோட்டை என்றும் இதற்கு ஊரில் பெயர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே இருந்தான் என்று மக்கள் சொல்கிறார்கள். அண்ணன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். தம்பி 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இந்தத் திருமயத்தில்தான். பிள்ளைகள் படிக்கும் சரித்திரப் பாடத்துக்கு இந்த ஓர் ஊரே போதும்.

மாலையில் மூடுவதற்குள் கோட்டையிலிருந்து இறங்கிவிட வேண்டும். இனிமேல் நான் சொல்வதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமானது. ஏற முடியாதவர்களும் கவலைப்பட வேண்டாம், அது மலையடிவாரத்திலேயே இருக்கிறது.

கோட்டைப் பாறையின் தெற்குப் பக்கத்தில், ஒரே பாறையில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்று சத்தியகிரீசுவரர், சிவன். மற்றொன்று சத்தியமூர்த்திப் பெருமாள், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் கோயில் குகைக்குள் பாம்பணைமேல் பள்ளிகொண்ட பெரிய உருவம். மது, கைடபர் என்ற அசுரர்கள் நெருங்கி வர, ஆதிசேஷன் நெருப்பைக் கக்கும் காட்சி முழுவதும் பாறையிலேயே செதுக்கியிருக்கிறது. சிவன் கோயிலில் இசை சம்பந்தமான பழைய கல்வெட்டு ஒன்று துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. குடுமியான்மலையில் முழுதாக இருக்கும் இசைக் கல்வெட்டுக்கு அது உறவு.

இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் நெடுங்காலம் வழக்கு. பாறை ஒன்று, நிலத்தின் வருமானத்தை எப்படிப் பங்கிடுவது, எது யாருக்கு, எல்லை எங்கே என்று. சைவர் ஒரு பக்கம், வைணவர் ஒரு பக்கம். இரண்டு தரப்பும் பக்தியுள்ளவர்கள், இரண்டு தரப்புக்கும் தாங்கள் சொல்வதுதான் நியாயம் என்ற நம்பிக்கை.

1245இல் இந்தப் பகுதிக்கு வந்த போசளர் படைத்தலைவன் அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் இந்த வழக்கு தீர்ந்தது. போசளர் என்றால் கர்நாடகத்து ஹொய்சாளர். அவர்களுக்கு அப்போது நம் சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரில் ஒரு தலைநகரம் இருந்தது. அதனால் தீர்ப்புச் சொன்ன ஆள் நம் திருச்சிப் பக்கத்து ஆள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவன் தனியாகத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போகவில்லை. சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களும் இரு சமயத்தாரும் கூடியிருந்தார்கள். என்ன முடிவானதோ அதைப் பாறையிலேயே வெட்டினார்கள். இரண்டு கோயில்களுக்கும் நடுவே ஒரு மதிலும் வந்தது.

நீங்கள் அந்த மதிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது இதை யோசித்துப் பாருங்கள். முடிவு ஒரு தரப்பின் பெட்டிக்குள் ஓலையாக இல்லை. இரண்டு தரப்பும் தினமும் நடந்து போகிற இடத்தில், யாரும் திருத்த முடியாதபடி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு பாண்டியர் வந்தார்கள், விஜயநகரத்தார் வந்தார்கள், சேதுபதி வந்து தலைக்கு மேலே கோட்டையே கட்டினார். கோட்டையின் மதில்களில் பல போய்விட்டன. கீழே இரண்டு கோயிலிலும் இன்றைக்கும் பூஜை நடக்கிறது.

இப்போது நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

போன கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் குறைந்ததிலிருந்து நம் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. கிணறு பி பிளாக் பக்கத்தில் இருக்கிறது, மோட்டார் மின்கட்டணம் பொதுக்கணக்கில் போகிறது. தண்ணீர் விடும் நேரம் யார் சொல்வது, லாரித் தண்ணீர்ச் செலவு எப்படிப் பிரிப்பது என்று தொடங்கிய பேச்சு, இப்போது ஒரு பிளாக்கின் நவராத்திரிக் கொலுவுக்கு அடுத்த பிளாக் போவதில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. இந்தப் பயணத்துக்கே "எங்களுக்கு ஒரு வேன், அவர்களுக்கு ஒரு வேன்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் வந்து கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் இருக்கிறது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குள் சண்டை வந்தால், தொகை பெரிதா சிறிதா என்பது முக்கியமாக இருப்பதில்லை. ஆரம்பத்தில் எதை எழுதினார்கள், எதை வாய்வார்த்தையாக விட்டார்கள் என்பதுதான். அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும் விஷயம், அது இல்லாததால் பத்து வருடம் கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். எழுதிக் கேட்டால் மரியாதைக்குறைவு என்று நினைக்கிறோம். பிரியமானவர்களுக்குள்தான் எழுத்து அவசியம்.

நம்மிடம் தண்ணீர் பற்றி எழுதின ஒப்பந்தம் எதுவும் இல்லை. பழக்கம்தான் இருந்தது. தண்ணீர் நிறைய இருந்தவரை பழக்கம் போதுமாக இருந்தது. அடுத்த கோடை ஏப்ரலில் வரும்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனைகள் இரண்டு. முதலாவது, மார்ச் மாதத்துக்குள் இரண்டு பிளாக்கிலிருந்தும் மும்மூன்று பேர் உட்கார்ந்து, தண்ணீர் விடும் நேரம், லாரிச் செலவின் பங்கு, மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுதி, எல்லா வீட்டாரின் கையெழுத்தோடு இரண்டு பிளாக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்திலும் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது. மேலே போய்விடும், தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது, பழுது பார்த்தவர்களின் பெயர்ப் பலகை ஒன்று. ஒவ்வொரு வருடமும் என்ன வேலை நடந்தது, யார் முன்னின்றார் என்று ஒரு வரி. செலவு அதிகம் ஆகாது.

பயணத்துக்கு வருவோம். வேன் கிடையாது. ஒரே பேருந்து, 50 இருக்கை. பிளாக் பார்த்து இடம் ஒதுக்கப்படாது. முன்வரிசை நான்கும் எழுபது வயது தாண்டியவர்களுக்கு. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் காவலாளியிடம் உள்ள நோட்டில் இம்மாதக் கடைசிக்குள் எழுதிவிடுங்கள். தொகையையும் அங்கேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம், எனக்குக்கூட.

காலை டிபன் நார்த்தாமலை அடிவாரத்தில், இட்லியும் புளியோதரையும் நாமே எடுத்துப் போகிறோம். பாறையில் நடப்பதால் வழுக்காத செருப்பு அல்லது காலணி. தொப்பி அல்லது குடை. ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில், காலியானதும் அது நம் பையிலேயே திரும்பி வர வேண்டும். சித்தன்னவாசலிலும் திருமயம் கோட்டையிலும் நுழைவுச் சீட்டு உண்டு, அதைச் சங்கம் வாங்கிவிடும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மதிய மாத்திரையை மறக்காதீர்கள். சாப்பாடு ஒரு மணிக்குத் தயாராக இருக்கும். அரிமளத்தில் சொல்லியாகிவிட்டது. திரும்பி வரும்போது இரவு எட்டரை, ஒன்பது ஆகலாம்.

திருமயத்தில் இரண்டு கோயிலுக்கும் போவோம். முதலில் எந்தக் கோயில் என்று யாராவது கேட்டால், பேருந்திலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துகொள்ளலாம். அந்த முடிவையும் எழுதி வைத்துவிடுவோம்.